துணி விரித்த பனியாறு

அந்தத் துணி நேற்று இவ்வளவு மேடாக இருக்கவில்லையே.

கம்சாயினி கணினித் திரைக்கு அருகில் குனிந்தாள். ஹொல்ம்லியா புறநகரிலிருந்த வீட்டின் வரவேற்பறையில் ஜூன் மாலை வெயில் பகல்போலவே விழுந்து கிடந்தது. கீழே ரயிலொன்று நின்று, கதவடைத்துப் புறப்பட்டது. திரையில் ஆல்ப்ஸ் மலை. கோடையில் உருகிவிடாதிருக்க அதன் பனியாற்றின்மேல் விரித்த தடித்த வெள்ளைத் துணி. எங்கே விரிப்பதென்று வரைபடத்தில் கோடு போட்டுக் கொடுப்பது அவளுடைய வேலை.

மூன்று வருடங்களுக்கு முன் அங்கே அளவெடுக்கப் போன அவளுடைய கணவன் சயூரன், பனிப்பிளவொன்றுக்குள் விழுந்தான். பனி உருகினால் உடல் தானாக வெளியே வரும் என்றார்கள் மீட்புக்காரர்கள். அன்றுமுதல் ஒவ்வொரு வசந்தத்திலும் அவள் யாருக்கும் சொல்லாமல் கோட்டைச் சற்றே நகர்த்தி, அந்தப் பிளவையும் துணிக்குள் அடக்கினாள். பனிக்குள் இருக்கும்வரை அவனுக்கு முப்பத்தாறு வயது. முகம் முகமாகவே இருக்கும்.

கைபேசி அடித்தது. சயூரனின் தங்கை தர்மிகா, ஸ்தவாங்கர் நகரிலிருந்து.

“மச்சாள், பக்கத்து மலையிலை இருவது வருசத்துக்கு முந்திக் காணாமல் போனவரே வெளியிலை வந்திட்டாராம். எங்கடை அண்ணா என்ன, அங்கை வீடு வாங்கிட்டாரோ?” சிரிக்கப் போய் அழுதாள். “அம்மா ஒருக்கா முகம் பாக்கவேணும் எண்டுதான் உயிரை வைச்சிருக்கிறா. உங்கடை வேலையிடத்து ஆக்களிட்டைக் கேளுங்கோவன்.”

“ஓம். கேக்கிறன்.”

பொய் நாக்கில் கசந்தது.

மலையிலிருந்த கமராவிலிருந்து பத்து நிமிடத்துக்கொரு படம் திரைக்கு வரும். அடுத்த படத்தில் மேடு சரிவில் இறங்கியிருந்தது. அதற்கடுத்ததில் துணிக்குக் கீழே இரண்டு முழங்கால்கள். பிறகு துணி தட்டையாகக் கிடந்தது. வெறுமையாக.

ஈரக் கல்லின் வாசனை. படுக்கையறையிலிருந்து.

போனாள்.

கட்டிலில் அவன் பக்கம் வெள்ளைப் போர்வை உயர்ந்திருந்தது. விளிம்பிலிருந்து நீர் சொட்டியது. முகம் இருக்கவேண்டிய இடத்தில் துணி உள்ளே இழுபட்டது. வெளியே வந்தது. மறுபடி உள்ளே.

“இஞ்சேரும்.” அவனுடைய குரல்தான். “துணியை எடுத்துவிடுமன். அம்மா பாக்கட்டும்.”

அவள் கை நீண்டது. போர்வையின் ஓரத்தைப் பிடித்தது. மெத்தைக்கு அடியில் செருகியது. ஒரு பக்கம். மறுபக்கம். இறுக்கமாக.

பிறகு அந்த முகத்தின்மேல் உள்ளங்கையை வைத்தாள். அதன் கீழே ஒரு வாய் திறந்தது. திறந்துகொண்டே போனது.

“மாட்டன்,” என்றாள் மெதுவாக.