கறுப்புக் கோடு

டென்சில் கடலில் மூழ்கிப்போன ஏழாவது வாரம், அவன் மனைவி டாம்சின் என்னை அவனுடைய ஓவியக்கூடத்துக்கு வரச் சொன்னாள். செயின்ட் ஐவ்ஸ் கடற்கரையில் பழைய பாய்மரக் கிடங்கின் மாடி அது. கீழே வலையைப் பழுது பார்த்துக்கொண்டிருந்த ஹோஸ்கின் கிழவர், "வாப்பா, சுண்ணாம்படிக்கிறவனே! மேல இருக்கிறதுல எது கடல், எது வானம்னு அந்தம்மாவுக்காவது சொல்லிட்டுப் போ" என்றார். போர் முடிந்து நானும் டென்சிலும் தூரிகை எடுத்த நாளிலிருந்து இதே கிண்டல்தான்.

லண்டன் கண்காட்சிக்கு எல்லா ஓவியங்களையும் கட்டி வைத்திருந்தாள் டாம்சின். ஒன்றுதான் மிச்சம். சாம்பலும் வெள்ளையுமாக ஓர் ஆளுயரப் பலகை. டென்சில் வர்ணத்தைப் பூசி, சவர பிளேடால் சுரண்டி, மறுபடி பூசுவான். முடிந்துவிட்டது என்று தோன்றினால் மட்டும், எது மேல்பக்கம் என்று காட்டப் பின்னால் ஓர் அம்பு போடுவான். இதில் அம்பு இல்லை.

"அன்னிக்குக் காலைல இதத்தான் சுரண்டிட்டிருந்தான், ஜோரி. சத்தம் தாங்காம, எங்கயாவது போய்த் தொலையேன்னு கத்திட்டேன். போயிட்டான்." பலகையை என் பக்கம் திருப்பினாள். "இது அரைகுறையா நிக்கக் கூடாது. நீ முடிச்சுக் குடு."

மறுத்திருக்க வேண்டும். ஆனால் அவனைவிட எனக்கு நன்றாக வரும் என்று பல வருடமாக மனசுக்குள் ஒரு திமிர். குறுக்கே ஒரே ஒரு கறுப்புக் கோடு இழுத்தேன். பின்னால் அம்பும் போட்டேன்.

மறுநாள் கோடு இல்லை.

அம்பையும் யாரோ வழித்திருந்தார்கள். கிழவர் வேலைதான் என்று திட்டிக்கொண்டே மறுபடி போட்டேன். கதவைப் பூட்டிவிட்டுப் படியிலேயே உட்கார்ந்தேன். மத்தியானம் கடல் ஏறி, அலை கிடங்குச் சுவரைத் தொட்டது.

சரக்.

உள்ளே பிளேடு. அவனுக்கே உரிய நிதானம்.

சரக். சரக்.

கதவருகே குனிந்து, "டென்சில், மன்னிச்சுடுடா" என்று முனகினேன். சத்தம் நிற்கவில்லை.

ஓடிப்போய் டாம்சினிடம் எல்லாவற்றையும் கொட்டினேன். பயப்படுவாள் என்று நினைத்தேன். அவள் முகம் மலர்ந்துவிட்டது.

"அப்ப வரான்!" என் கையைப் பிடித்துக்கொண்டாள். "இன்னொரு கோடு போடு."

பலகை லண்டனுக்குப் போகவே இல்லை. நான் தினமும் கோடு போட்டேன். அவள் தினமும் கதவில் காதை வைத்துக் கேட்டாள். திறந்தால் யாரும் இருக்க மாட்டார்கள். கோடை முடிவதற்குள் பலகை தேய்ந்து நடுவில் ஓட்டை விழுந்தது. என்னுடைய பலகை ஒன்றில் கோடு போட்டுப் பார்த்தோம். அவன் தொடவில்லை. தன்னுடையதை மட்டும்தான் தொடுவான் போலிருக்கிறது. எனக்கு நிம்மதியாக இருந்தது, வெட்கத்தோடுதான் சொல்கிறேன்.

இன்று மத்தியானம் போனேன். பலகை நின்ற இடத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தாள் டாம்சின். சட்டைக் கையை மடித்து விட்டிருந்தாள். முன்கையில் ஈரம் காயாத கறுப்புக் கோடு.

"நானும் அவனோடவதானே," என்றாள். "கதவச் சாத்திட்டுப் போ, ஜோரி."

அவள் கையைப் பிடித்து இழுத்துப் பார்த்தேன். அசையவில்லை. கிழவரைக் கூட்டிவரப் படியிறங்கினேன். பின்னால் கதவு தானாகச் சாத்திக்கொண்டது.

சரக்.

உள்ளே டாம்சின் சந்தோஷமாகச் சிரித்தாள்.