கருக்காத பல்

இது அவர் இல்லை!

சகாயமேரியின் மனம் முதலில் சொன்னது அதுதான். உதடு சொல்லவில்லை.

ஆஸ்பத்திரிப் பிணவறை மேஜையில் ஒரு கரிக்கட்டை கிடந்தது. முகம் இல்லை. விரல்கள் இல்லை. கரிந்த வாய்க்குள் ஒரே ஒரு பல் மட்டும் மஞ்சளாய்ப் பளபளத்தது. மேல் வரிசை... இடது கோரைப்பல்!

"நல்லாப் பாத்துச் சொல்லுங்கம்மா," என்றார் இன்ஸ்பெக்டர் அழகுமலை. "கொட்டாம்பட்டிப் பக்கம் வைக்கப்போர் எரிஞ்சதுல கெடந்த பொணம். பக்கத்துல ஒங்க வீட்டுக்காரரு கைக்கடிகாரம். வாயில தங்கப் பல்லு. பல் டாக்டர் ஞானமுத்து சிரிச்சா மொதல்ல தெரியிறது அந்தப் பல்லுதான? மதுரைக்கே தெரியுமே!"

"அண்ணந்தான் சார்!" கொழுந்தன் லூர்துராஜ் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு விம்மினான். "இதுல பாக்க என்ன இருக்கு?"

"ஒங்களக் கேக்கல தம்பி. சம்சாரம் சொல்லட்டும்."

மேரியின் பார்வை அந்தப் பல்லிலேயே நின்றது.

எப்படிச் சொல்வாள்?

மதுரைக்குத் தெரியாதது அவளுக்குத் தெரியும். ஞானமுத்துவின் பல் தங்கம் இல்லை... பித்தளை!

அவர் பல் மட்டுமா? தங்கம் என்று சொல்லி ஊராருக்கு அவர் மாட்டிய உறைகள் அத்தனையும் பித்தளை. கல்யாணமான புதிதிலேயே அவள் கண்டுபிடித்துவிட்டாள். கண்டுபிடித்ததை விழுங்கியும்விட்டாள். அவள் உடுத்திய பட்டு அந்தப் பித்தளையில்தான் வந்தது. ஞாயிற்றுக்கிழமை கோயிலில் யாராவது அவளைப் பார்த்து மஞ்சள் பல் தெரியச் சிரித்தால், தலை தானாகக் குனிந்துகொள்ளும்.

போன மாதம் கோரிப்பாளையத்து ஜவுளிக்கடை ராவுத்தரின் பல் உறை பச்சையாய்க் களிம்பேறி, தாடை வீங்கி, மனிதர் போய்ச் சேர்ந்தார். மகன் கோர்ட்டுக்குப் போகப்போவதாக ஊர் பேசியது. அன்றும் அவள் வாய் திறக்கவில்லை.

பித்தளையாக இருந்தால் இந்த நெருப்பில் கருத்திருக்கும். இதுவோ கருக்கவே இல்லை. அசல் தங்கம்!

அப்படியானால் அவர் உயிரோடு இருக்கிறார்... நெஞ்சு ஒரு விநாடி குளிர்ந்தது. குளிர்ந்ததற்காகவே கூசியது.

அப்படியானால்... இவன் யார்?

வாசலில் ஒரு பெண்ணின் குரல் உடைந்தது.

"ஐயா, ஒரு தடவ பாத்துட்டுப் போயிர்றேன்யா! எம் புருசன் தவசி... பாரவண்டி ஓட்டுறவரு. டவுனுக்குப் போறேன்னு போனவரு திரும்பலய்யா!"

"இது டாக்டர் பொணம்மா!" கான்ஸ்டபிள் அதட்டினார்.

"அவருக்கும் தங்கப் பல்லுய்யா..."

"வண்டிக்காரனுக்குத் தங்கப் பல்லா? மாட்டுக்கு வைரத் தோடு போட்டிருந்தானா? போம்மா அங்கிட்டு!"

யாரோ சிரித்தார்கள். மேரியின் விரல்கள் இடது மணிக்கட்டைத் தடவின. வளையல் இருந்த இடம். வெறுமை!

தவசி...! ஞானமுத்துவின் பல் பிடுங்கும் நாற்காலியில் உட்காரவே கூசியவன். மாடு முட்டி உடைந்த பல். அதே இடது கோரைப்பல்!

"தங்கமெல்லாம் எனக்கு எதுக்குங்க?" என்று கெஞ்சினான் அன்றைக்கு. "வெள்ளியோ ஈயமோ ஒண்ணப் போட்டு விடுங்க. சோறு திங்கணும், அம்புட்டுத்தான்."

"வெள்ளி கருத்துப் போகும்யா. ஈயம் நசுங்கிரும். தங்கந்தான் வைப்பேன். காசு வேணாம், வாயத் தொற!" என்றார் ஞானமுத்து.

ராவுத்தர் சாவு கணவனைத் திருத்திவிட்டது என்று அவள் நம்பினாள். உருக்குவதற்குத் தன் வளையலையே கழற்றிக் கொடுத்தாள். மாதாவுக்கு மெழுகுவர்த்திகூட ஏற்றினாள்!

பரிகாரமாம்! பிணத்துக்கு அடையாளமல்லவா வைத்திருக்கிறார்! பித்தளை வைத்தால் நெருப்பு காட்டிக்கொடுத்துவிடும் என்றுதான் தங்கம். அதையும் எடுத்துக் கொடுத்தது அவள் கை.

"மதினி..." லூர்துராஜ் காதருகே குனிந்தான். விம்மலைக் காணோம். "தலைய ஆட்டுங்க. ராவுத்தர் கேசும் இதோட முடிஞ்சிரும். அண்ணன் பத்திரமா இருக்காக. தனுஷ்கோடியில கப்பல் ஏறிக் கொழும்பு போனதும் ஒங்களக் கூப்பிட்டுக்குவாக."

இவனுமா!

"நான் உள்ளதச் சொல்லிட்டா?" என்றாள், உதடு அசையாமல்.

"சொல்ல மாட்டீக." அவன் குரலில் சிரிப்பு. "அண்ணனே சொன்னாக. 'பித்தளைன்னு சொல்ல அவளுக்கு வெக்கம். செத்தாலும் வாயத் தொறக்க மாட்டா'ன்னு."

மேரிக்குக் காது மடல் எரிந்தது.

ஞானமுத்து போட்ட கணக்கின் ஆணிவேரே அவளுடைய வெட்கம்தான்! அதை நம்பித்தான் ஒருவனை எரித்திருக்கிறார்.

"என்னம்மா அங்க குசுகுசுப்பு?" அழகுமலை நெருங்கி வந்தார். "ஒங்க வீட்டுக்காரருதான? ஆமான்னு ஒரு வார்த்த சொல்லுங்க. பொணத்தக் குடுத்துர்றேன்."

அவள் நிமிரவில்லை. தரையைப் பார்த்தபடியே, சன்னமாகச் சொன்னாள்.

"சொல்ல மாட்டேன் சார்."

"என்னது?"

"வெளிய நிக்கிற அந்தம்மாவ உள்ள விடுங்க. இது அவுக வீட்டுக்காரரு."

லூர்துராஜ் வாசலுக்குப் பாய்ந்தான். கான்ஸ்டபிளின் தடி குறுக்கே நீண்டது!

"அப்ப டாக்டரு?" இன்ஸ்பெக்டர் திகைத்தார். "அந்தத் தங்கப் பல்லுக்காரர எங்கிட்டுப் போயித் தேடுறது?"

"தங்கப் பல்லத் தேடாதீங்க சார்," என்றாள் மேரி. "காலையில எவரு பல்லுக்குப் புளி போட்டு வெளக்குறாரோ... அவரப் புடிங்க!"