பொன்னேரியில் விழிக்கும், கும்மிடிப்பூண்டியில் தூங்கும்

கும்மிடிப்பூண்டித் தொழிற்சாலை ஒன்றில் வேலை பார்க்கும் அன்புராஜ் மூன்றாவது சர்வர் கார்டையும் மேஜைமேல் வைத்தபோது கல்பனாவுக்கு வந்தது பரிதாபம் இல்லை, பயம். பொன்னேரி ஸ்டேஷன் பக்கம் கம்ப்யூட்டர் கடை வைத்திருப்பவள் அவள். மூன்றுமே அவள் விற்றவை.

"இதுவும் எடுக்கலக்கா. சர்வர்ல டிஸ்கு ரொம்பிப் போச்சு, கூட டிஸ்கு மாட்டணும்னா இந்த கார்டு வேல செய்யணும். முதலாளி இன்னா சொல்றாரு தெரியுமா? நான் புதுசை வித்துட்டு டூப்ளிகேட்டைக் கொண்டாந்து குடுக்கறனாம். சாயங்காலம் வேலைய எழுதிக் குடுத்துட்டுப் போன்னு சொல்றாரு. திருடன்ற பேரோட வெளிய வந்தா இந்த இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்ல எந்த கேட்டும் எனக்குத் தொறக்காது."

கல்பனா வழக்கம்போல் கார்டின் விளிம்பில் வரிசையாக மின்னும் தங்கப் பற்களைப் பென்சில் ரப்பரால் தேய்த்து, கடையிலிருந்த அதே மாடல் பழைய சர்வரில் சொருகினாள். பச்சை விளக்கு பளிச்சென்று எரிந்தது. முந்தைய இரண்டும் இதே கூத்துதான்: பொன்னேரியில் விழிக்கும், கும்மிடிப்பூண்டியில் தூங்கும்.

ரப்பர் நுனி சிவந்திருந்தது. "கடல் காத்து. துரு," என்று தீர்ப்பு வழங்கினாள். துப்பறியும் ஆசை அவளுக்கு நிறைய உண்டு. திறமையைப் பற்றி ஊரில் இரண்டு கருத்து இல்லை.

மூலையில் டீ குடித்துக்கொண்டிருந்த எபினேசர் அந்த ரப்பரை வாங்கிப் பார்த்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். அனல் மின் நிலையத்தில் பழுது கண்டுபிடித்தே ஓய்வு பெற்றவர். அவசரப்பட்டு அவரை யாரும் பார்த்ததில்லை. கண்ணெதிரே ரயிலையே தவறவிட்டிருக்கிறார்.

"அந்த சர்வரைப் பாக்கலாம்மா. உங்கிட்ட புது கார்டு இன்னொண்ணு இருந்தா எடுத்துக்கோ."

வால்வு வார்க்கும் அந்தச் சின்னத் தொழிற்சாலையில் எடைமேடைக்குச் சந்தனம் குங்குமம், கம்ப்ரஸருக்குச் சந்தனம் குங்குமம், பிரிண்டருக்கும் சந்தனம் குங்குமம். முதலாளி கோபாலின் நெற்றியிலும் அதே அளவுதான்.

"கார்டு சொருகுற ஸ்லாட்டுதான் செத்திருக்கும் அண்ணே!" என்றாள் கல்பனா. தன் சரக்கின் மானம் காப்பாற்றப்பட்ட நிம்மதி குரலில் தெரிந்தது.

எபினேசர் புதிய கார்டை அதே ஸ்லாட்டில் சொருகினார். பச்சை விளக்கு எரிந்தது.

கோபால் மேஜையைத் தட்டினார். "பாத்தீங்களா? ஸ்லாட்டு நல்லா கீது. அப்போ வழியில மாத்தினது யாரு? எட்டு வருசம் சோறு போட்ட எடம்யா!"

அன்புராஜின் முகம் செத்துப்போயிற்று. கல்பனாவுக்குத் தன் நாக்கைக் கடித்துக்கொள்ளலாம் போலிருந்தது. காப்பாற்ற வந்து கழுத்தில் கயிறு மாட்டியாகிவிட்டது.

எபினேசர் கார்டைக் கழற்றினார். "சார், அன்புராஜ் கதவாண்ட நிக்கட்டும், இதைத் தொடவே வேணாம். புது கார்டு வந்தா வழக்கமா இன்னா பண்ணுவீங்களோ, அதையே பண்ணுங்க."

"இன்னா பண்ணுவேன்? எங்க கம்பெனில எந்தப் புதுப் பொருளும் என் கையாலதான் முதல்ல போவும். கைராசி." கோபால் கார்டோடு பூஜை அறைக்குள் போய்த் திரும்பினார். அவரே சொருகினார். அன்புராஜ் இருந்த இடத்தைவிட்டு அசையவில்லை.

விளக்கு எரியவில்லை.

இரண்டாவது முறையும் எரியவில்லை. கோபாலின் விரல் பொத்தான்மேலேயே நின்றது.

"சாமியக் குறை சொல்றேன்னு நெனைக்காதீங்க சார்," என்றபடி எபினேசர் கார்டை உருவிக் காட்டினார். தங்கப் பற்களின் நடுவே சந்தனம், அதன்மேல் குங்குமம். "பொட்டை ஏன் இங்க வெச்சீங்க?"

"தங்கம் மின்னுதே... லட்சுமி இல்லியா அது?" கோபாலின் குரல் இறங்கியது.

"லட்சுமிதான். ஆனா சர்வர் இந்தப் பல்லாலதான் கார்டோட பேசும். வாய்ல சந்தனத்தை அப்பினா எப்படிப் பேசும்?" அவர் ரப்பரை மேஜையில் வைத்தார். "கல்பனா இதைத் துருன்னா. தங்கத்துல துரு ஏது? கடைல இவ தேய்ச்சா கார்டு முழிச்சுக்கும். இங்க நீங்க பொட்டு வெச்சா தூங்கிடும். மூணு கார்டும் இந்த சர்வருக்குப் பொருந்துறதுதான். யாரும் எதையும் மாத்தல."

தடயத்தை மூன்று தடவை தன் கையாலேயே அழித்தது தான்தான் என்பது கல்பனாவுக்கு அப்போதுதான் உறைத்தது. அதை உரக்கச் சொல்ல வேண்டிய அவசியம் இல்லை என்றும் முடிவு செய்தாள்.

"நீ ஏன்டா சொல்லல?" கோபால் அன்புராஜைப் பார்க்காமல் கேட்டார்.

"கழட்டி டப்பாக்குள்ள வெச்சு மூடிக் குடுக்கறதும் நீங்கதானே சார். பாத்திருந்தாலும் தோணியிருக்காது. இங்க எதுல சார் பொட்டு இல்ல?"

கோபால் தன் வேட்டி நுனியாலேயே கார்டைத் துடைக்கப் போனார். கல்பனா பாய்ந்து தடுத்து, தானே சுத்தம் செய்து கொடுத்தாள். அவர் அதை அன்புராஜிடம் நீட்டினார். "நீயே போடு."

கைராசிக்காரர் அந்தக் கம்பெனியில் முதல்முறையாகத் தன் உரிமையை விட்டுக்கொடுத்தார். அன்புராஜ் கார்டைச் சொருகினான். பச்சை விளக்கு எரிந்தது. அவன் சிரிக்கவில்லை.

"கார்டு செட் ஆயிடுச்சு சார். ரெண்டு வாரமா கேட்ல எல்லார் முன்னாடியும் என் டிபன் பாக்ஸைத் தொறந்து பாத்தாங்களே, அதுக்கு இன்னா மாட்டுவீங்க?"

 

ஷிப்ட் விடும் சங்கு ஊதியது. கோபால் எழுந்து, மூலையில் இருந்த அன்புராஜின் டிபன் பாக்ஸைத் தன் கையில் எடுத்துக்கொண்டார். மொத்த ஆட்களும் பார்த்துக்கொண்டு நிற்க, கேட்வரை அவனுக்கு ஒரு அடி பின்னாலேயே நடந்தார். பழக்க தோஷத்தில் கை நீட்டிய வாட்ச்மேன், பாக்ஸ் யார் கையில் இருக்கிறது என்று பார்த்ததும் நீட்டிய கையை என்ன செய்வதென்று தெரியாமல் நின்றான்.