காயாத சேலை

பஸ்ஸை விட்டு இறங்கும்போதே ஷாஹினாவுக்குக் கண் சொருகிக்கொண்டு வந்தது. ராத்திரி முழுக்கத் திண்டுக்கல்லில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் டூட்டி, காலையில் வகுப்பு, மத்தியானம் இங்கே பிராக்டிகல். அக்னி நட்சத்திர வெயிலில் தார் ரோடு செருப்போடு ஒட்டியது. பைபாஸ் ஓரத்து இந்த ஆஸ்பத்திரியின் பேர் நமக்கு எதற்கு? பின்பக்கம் பிரேதப் பரிசோதனைக் கட்டடம் என்று ஒன்று பாசி பிடித்து நிற்கிறது, அது போதும்.

அவள் பத்து வருஷ நர்ஸ். இப்போது தடயவியல் செவிலியர் மேற்படிப்பில் கடைசி வருஷம். அடிபட்டு வருகிறவர்கள், செத்து வருகிறவர்கள் உடம்பிலும் உடுப்பிலும் இருக்கிற சாட்சியத்தைக் கெடுக்காமல் எடுத்துப் போலீஸ் கையில் சேர்ப்பது எப்படி என்று சொல்லிக்கொடுக்கிற படிப்பு. பேகம்பூரில் பிரியாணிக் கடை வைத்திருக்கும் அவள் புருஷன் இஷாக்குக்கு இது பிடிபடவே இல்லை.

"செத்தவங்களுக்கு எதுக்கும்மா நர்ஸு? ஊசியா போடப் போற?" என்பான். பதில் சொல்லத் தெம்பிருந்தால்தானே!

ஆசிரியை ஆனந்தமேரி வராந்தாவிலேயே சாவியோடு நின்றார். "நேத்து கிணத்துல எடுத்த பொண்ணோட சேலையை நீதானம்மா காயப் போட்ட? இந்நேரம் அப்பளமா காஞ்சிருக்கும். நீயே மடிச்சுக் கட்டி ஏட்டய்யா கையில குடுத்துரு. எனக்கு மீட்டிங்."

சட்டம் இதுதான். ஈரத் துணியைப் பிளாஸ்டிக் கவரில் போடவே கூடாது. உள்ளுக்குள் புழுங்கிப் பூஞ்சை பிடித்து, அதில் என்ன இருந்தாலும் அழிந்துபோகும். நிழலில் காய வைத்து, காகிதப் பையில் கட்டி, சீல் வைக்க வேண்டும். போலீஸ் கைக்குப் போகிற வரை பொறுப்பு காயப்போட்டவளுடையது.

கடைசி அறையைத் திறந்தாள்.

வாடை முதலில் வந்தது. கிணற்றுக்குள் எட்டிப் பார்த்தால் மூஞ்சியில் அடிக்குமே, பாசியும் கல்லும் கலந்த அந்தக் குளிர்ந்த வாடை. வெளியே காக்கை கூடப் பறக்காத வெயில். உள்ளே கை ரோமம் சிலிர்த்தது.

சொட்... சொட்...

கொடியில் அந்த அரக்குச் சுங்குடிச் சேலை நேற்றுப் போட்டபடியே தொங்கியது. கீழே விரித்திருந்த காகிதம் ஊறிக் கூழாகிக் கிடந்தது. முந்தானையைத் தொட்டாள். இப்போதுதான் தண்ணீரில் முக்கி எடுத்தது மாதிரி இருந்தது.

"யா அல்லாஹ்" என்று முனகினாள். பயத்தைவிட அலுப்புத்தான் முன்னால் வந்தது. இது காய்ந்தால்தானே அவள் வீட்டுக்குப் போக முடியும்?

"என்ன சிஸ்டர், ஆச்சா?" வாசலில் ஏட்டு பழனிக்குமார் வந்து நின்றார். அவரும் தூங்கி ரெண்டு நாள் ஆன ஆள்தான். கண் கோவைப்பழமாகச் சிவந்திருந்தது.

"ஈரமா இருக்குங்க சார். இப்படியே கட்டக் கூடாது."

"அட போங்க சிஸ்டர். தவறி விழுந்த கேசு. சின்னாளபட்டிப் பொண்ணு, சொர்ணலட்சுமின்னு பேரு. கல்யாண நாளுன்னு புதுச் சேலை கட்டிட்டுத் தோட்டத்துப் பக்கம் போயிருக்கு. வழுக்கிருச்சு. புருசன் ராஜ்கமலு சாயப்பட்டறைல வேலை. பட்டறைய விட்டு அன்னைக்கு நகரவே இல்லைங்கிறான். முழங்கை வரைக்கும் நீலச் சாயம். அழுது கண்ணைத் தொடைச்சு மூஞ்சியெல்லாம் நீலம், பாக்கவே பாவமா இருந்துச்சு. ஒரு கவர்ல போட்டுக் குடுங்க, செத்த நேரத்துல கேசை முடிச்சுட்டு வீட்டுக்குப் போயிருவேன்."

வீட்டுக்கு. அந்த ஒரு வார்த்தைதான் அவளைச் சாய்த்தது. அதோடு பத்து வருஷ வார்டுப் பழக்கமும் சேர்ந்துகொண்டது. ஈரத் துணி என்றால் கவரில் திணித்து முடிச்சுப் போடு. எத்தனை ஆயிரம் தடவை செய்த கை! படித்த படிப்பெல்லாம் எங்கே போனதோ, அவள் கை தன்பாட்டுக்கு அலமாரியிலிருந்து பிளாஸ்டிக் கவரை உருவியது. சேலையைச் சுருட்டி உள்ளே தள்ளி இறுக்கி முடிச்சுப் போட்டாள். ஏட்டு டீ குடித்துவிட்டு வருவதாகச் சொல்லிப் போனார்.

மேஜை மேல் கவர் கிடந்தது.

உள்பக்கம் ஆவி படிந்தது.

அதில் என்ன, ஈரத் துணி புழுங்கினால் ஆவி படியத்தான் செய்யும். ஷாஹினா கண்ணைக் கசக்கிவிட்டுப் பார்த்தாள். ஆவி விலகியது. மறுபடி படிந்தது. விலகியது.

கவர் ஒட்டிப் போய், உப்பியது.

ஒட்டியது. உப்பியது.

அவளுக்குத் தெரியாத அசைவா அது? எத்தனை பேர் தலைமாட்டில் உட்கார்ந்து, வாயில் மாஸ்க்கை வைத்து, அது மங்கித் தெளிவதைப் பார்த்திருக்கிறாள்! மூச்சுத் திணறுகிறவர்கள் அப்படித்தான் இழுப்பார்கள்.

"முட்டுதுக்கா..."

காதருகேதான். ரொம்பக் களைத்த குரல்.

ஓட வேண்டும் என்று கால் சொன்னது. கை கேட்கவில்லை. மூச்சு முட்டுகிறவளை விட்டுவிட்டு எந்த நர்ஸ் ஓடுவாள்? முடிச்சு அவிழவில்லை, நகத்தால் கிழித்தாள். சேலையை உருவி, மறுபடியும் கொடியில் பிரித்துப் போட்டாள். தரையில் புதுக் காகிதம் விரித்தாள். ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டாள்.

"நான் எங்கயும் போகலம்மா" என்றாள் சேலையைப் பார்த்து. "நீ காயிற வரைக்கும் இங்கதான் இருப்பேன்."

சொட்டுச் சத்தம் நின்றது.

டீ குடித்து வந்த ஏட்டு கத்தினார். "என் உசுர வாங்குறதுக்குன்னே படிச்சுட்டு வந்தீகளா?" அவள் மெதுவாகச் சொன்னாள்: "நீங்க யாரு கிட்ட வேணா சொல்லுங்க சார். ஈரத்தோட குடுக்க மாட்டேன்." ராத்திரி டூட்டிக்கு வர முடியாது என்று தன் ஆஸ்பத்திரிக்கும் போன் போட்டாள். அங்கே வாங்கிய வசவு தனிக்கதை. ஏட்டு மரத்தடியில் பைக் மேலேயே சாய்ந்து தூங்கிப்போனார். அவளுக்கும் தலை தொங்கியது. எப்போதோ ஒரு நொடி, தோளில் ஜில்லென்று ஏதோ பட்டது. திரும்பிப் பார்க்கத் தெம்பில்லை.

வெயில் சாயும்போது கண் விழித்தாள். சேலை காய்ந்து மொடமொடவென்று நின்றது.

அதன் முதுகுப்பக்கம், அரக்கு வெளிறிய இடத்தில், நீலமாக ஏதோ தெரிந்தது. ஈரத்தில் இருட்டோடு இருட்டாகக் கிடந்தது இப்போதுதான் எழுந்திருக்கிறது. ஷாஹினா எழுந்து கிட்டே போனாள்.

ரெண்டு உள்ளங்கை. பத்து விரலும் விரிந்து.

அவள் கூப்பிட்டதும் பழனிக்குமார் உள்ளே வந்தார். சேலையைத் தொடாமல், தன் ரெண்டு கையையும் தூக்கி முன்னால் தள்ளுகிற மாதிரி வைத்துப் பார்த்தார். கையை மெல்லக் கீழே போட்டார்.

"பட்டறைய விட்டு நகரலைன்னானே பாவி" என்றார். "கவர்ல கட்டியிருந்தா இந்நேரம் கேசை முடிச்சே விட்டிருப்பேன் சிஸ்டர்."

அளவுகோல் வைத்துப் போட்டோ எடுத்து, காகிதப் பையில் கட்டி, சீல் வைத்துக் கொடுத்தாள். ஏட்டு கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டார். பொறுப்பு கைமாறியது. இனி தூங்கலாம்.

வீட்டில் வெள்ளைக் கோட்டைக் கழற்றும்போது இஷாக் கேட்டான். "தோள்ல என்ன ஈரம்?"

"வேர்வையா இருக்கும்."

"வேர்வை இப்படியா இருக்கும்?"

திரும்பிப் பார்த்தாள். இடது தோளில் ஒரு சின்னக் கை. மெலிந்த விரல்கள், மணிக்கட்டில் வளையல் தடம். அவன் கோட்டை வாங்கிக்கொண்டு போய் மொட்டை மாடியில் காயப் போட்டான்.

மறுநாள் முழுக்க அந்த வெயில் அடித்தது. கோட்டு மொத்தமும் காய்ந்து விறைத்திருந்தது, அந்தக் கை மட்டும் ஈரமாகவே இருந்தது. இஷாக் இஸ்திரிப் பெட்டியை வைத்துத் தேய்த்தான். புஸ்ஸென்று ஆவி வந்தது, கிணற்று வாடை வந்தது, கை அப்படியே இருந்தது. செத்தவங்களுக்கு எதுக்கு நர்ஸு என்று கேட்பதை அன்றோடு விட்டுவிட்டான்.

திங்கட்கிழமை மறுபடி பிராக்டிகல். வேறு கோட்டு இல்லை. பயப்படவும் அவளிடம் தெம்பு மிச்சமில்லை. அப்படியே மாட்டிக்கொண்டு போனாள்.

"வாம்மா" என்றார் ஆனந்தமேரி சாவியை நீட்டி. "கன்னிவாடிப் பக்கம் இன்னொரு பொண்ணு. துணியெல்லாம் ஈரம். கவர்லயே கட்டிக் குடுங்கன்னு கூட வந்தவங்க நிக்கிறாங்க."

ஷாஹினாவின் தோளில் இருந்த குளிர்ந்த விரல்கள் மெல்ல இறுகின.