தேன்பாறையில் ஒரு இரட்டைக்குழல்

“சனிக்கிழமை விழா. அதுக்குள்ள ரைபிள் வந்துட்டா பலகையைக் கழட்டிடறேன்” என்றார் கருமலை எஸ்டேட் மேனேஜர் தாமோதரன். “வராதுன்னு உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.”

செல்லி அந்தப் பலகையைப் பார்த்தாள். எஸ்டேட்டின் நூற்றாண்டுக் கூடத்துக்காக எழுதியது. ‘துரையின் வேட்டை ரைபிள். வழிகாட்டி வீரன் திருடிச் சென்றது.’

வீரன் அவளுடைய கொள்ளுத்தாத்தா, தேனெடுக்கும் மலைக்குடிக்காரர். மழைக்காலத்தில் காட்டில் விழுந்து கால் முறிந்த வெள்ளைக்காரத் துரை, பங்களா ஆட்கள் நம்புவதற்காகத் தன் ரைபிளையே கொடுத்து அவரை உதவிக்கு அனுப்பினார். வீரன் பங்களாவுக்கு வந்து சேரவில்லை; தேடிப் போனவர்கள் பிறகு துரையை மட்டும் மீட்டார்கள். துப்பாக்கியோடு கேரளா பக்கம் ஓடிவிட்டான் என்று பேசி முடித்துவிட்டார்கள். சந்தையில் செல்லிக்கு இன்றைக்கும் ‘துப்பாக்கிக்காரன் வீட்டுப் பொண்ணு’ என்றுதான் பெயர்.

மேனேஜர் போனதும், மூலையில் உட்கார்ந்திருந்த ஜெசிந்தா நிமிர்ந்தாள். கோவையில் துப்பாக்கி பழுது பார்க்கும் கடை வைத்திருப்பவள். கூடத்துச் சாமான்களைத் துடைத்துச் சரிசெய்ய வந்திருந்தாள். அவள் மடியில் துரையின் காலித் துப்பாக்கிப் பெட்டி. ஓக் மரத்தின் மேல் தோல் போர்த்தி, உள்ளே சிவப்புக் கம்பளி ஒட்டியிருந்தது.

“இதுவரைக்கும் எங்கெல்லாம் தேடினீங்க?”

“பங்களாவுக்கு வர்ற வழியில, ஆத்தோரம் தேன்பாறையில நீள வெடிப்பா இருக்கற எடமெல்லாம் தேடியாச்சுக்கா. எங்கப்பா தேடினாரு, நாகன் மச்சான் தேடிச்சு.”

“நீள வெடிப்பு எதுக்கு? இந்தப் பெட்டியைப் பாரு, துப்பாக்கியோட முழு நீளத்துக்கு இல்ல. லண்டன்ல சொல்லிச் செஞ்ச இரட்டைக்குழல் இது. குழல் தனி, கட்டை தனி, குழலுக்குக் கீழ கை பிடிக்கிற துண்டு தனி. மூணா கழண்டு வந்துடும். துரைக்கு அதைக் கழட்டி மாட்டுனது யாரு?”

“வீரன் தாத்தாதான்.” செல்லி சட்டென எழுந்தாள். “அக்கா, ஆத்துல வெள்ளம் வந்தா எங்காளுங்க சாமானோட நீந்த மாட்டாங்க. மரப்பட்டையில சுத்தி, தேன்மெழுகு பூசி, பாறைப் பொந்துல செருகிட்டுத்தான் எறங்குவாங்க. நாங்க சின்னப் பொந்துல கையே விடலையே!”

வன ரேஞ்சரிடம் அனுமதி வாங்கிக்கொண்டு, நாகனையும் சேர்த்து மறுநாள் காலையிலேயே மூவரும் கிளம்பினார்கள். காட்டுக்கொடியில் திரித்த கயிற்றை நாகன் மருத மரத்தில் கட்டினான். செல்லியின் மாமன் மகன் அவன். இவர்கள் வழக்கத்தில் மாமன் வீட்டு ஆள்தான் கயிறு பிடிக்க வேண்டும்.

“விட்டுடாதீங்க மச்சான்.”

“விட்டா உங்கம்மா என்னை வெட்டிடும். எறங்கு.”

கீழே ஆறு நுரைத்து ஓடியது. முதல் பொந்து காலி. இரண்டாவதில் பல்லி. மூன்றாவதுக்குக் கை நீட்டியபோது, தலைக்கு மேல் கறுப்புத் திரையாகத் தொங்கிய தேனடை அசைந்தது. ஒன்று, இரண்டு, பிறகு தேனீக் கூட்டமே இறங்கியது.

“ஆடாத!” மேலிருந்து நாகனின் குரல். “பாறையோட ஒட்டிக்க.”

கன்னத்தில் ஒரு கொட்டு. கழுத்தில் இன்னொன்று. பல்லைக் கடித்துக்கொண்டு செல்லி பாறையோடு ஒட்டிக்கிடந்தாள். இரைச்சல் மெல்ல அடங்கியது. அவள் கை தானாகப் பொந்துக்குள் போனது. விரலில் வழவழப்பாக ஏதோ தட்டுப்பட்டது. மெழுகு!

செல்லி மேலே கொண்டுவந்த மரப்பட்டைக் கட்டுகளை ஜெசிந்தா பிரித்தாள். அக்கம்பக்கமாக ஒட்டிய இரண்டு குழல்கள். நுனியில் குறி பார்க்க ஒரு யானைத்தந்த மணி. விசைப்பொறியை மூடிய தகடு முழுக்கப் பொடியாகச் செதுக்கிய பெரணி இலைகள். வால்நட் கட்டையில் புகை சுருண்டதுபோல் ரேகை ஓடியது.

“சட்டைக்கு அளவெடுக்கற மாதிரி ஆளை அளந்து செய்வாங்க. இந்தக் கட்டை இடது தோளுக்கு வளைஞ்சிருக்கு பாரு” என்றாள் ஜெசிந்தா.

“துரை இடதுகைக்காரருன்னு எங்கப்பா சொல்வாரு” என்றாள் செல்லி. வீங்கிய கன்னத்தோடு சிரித்தாள்.

ரேஞ்சரையும் அழைத்துக்கொண்டுதான் கூடத்துக்குப் போனார்கள். மூன்று துண்டுகளும் பெட்டியின் பள்ளங்களில் கச்சிதமாக உட்கார்ந்தன. தாமோதரன் தாடையைத் தடவினார்.

“திருடிட்டுப் போய் ஒளிச்சு வெச்சிருக்கலாமில்ல?”

“ஓடறவரு கேரளா பக்கம் ஓடியிருப்பாரு சார். தேன்பாறை இருக்கறது பங்களாவுக்கு வர்ற வழியில. ஆத்தைத் தாண்டினா பங்களா. துப்பாக்கி நனையக் கூடாதுன்னு வெச்சுட்டு, அவரு வெள்ளத்துல எறங்கிட்டாரு. அந்த வெள்ளந்தான் அவரைக் கொண்டுபோயிருக்கு.”

ரேஞ்சர் தலையசைத்தார். தாமோதரன் தாமே நாற்காலியை இழுத்துப் போட்டு ஏறி, பலகையைக் கழற்றினார்.

“என்னம்மா எழுதலாம்? நீயே சொல்லு. ‘வீரன் பாதுகாத்த ரைபிள்’னு போடட்டுமா?”

“ரைபிளை விடுங்க சார். ‘துரையைக் காப்பாத்த ஆத்துல எறங்கினார்’னு போடுங்க.”

நாகன் அவள் காதருகே குனிந்தான். “இத்தனை வருஷமா எல்லாரும் துப்பாக்கியையே தேடினோம். கொண்டுபோன மனுசன் என்ன செஞ்சிருப்பாருன்னு நாமளாவது யோசிச்சிருக்கலாம்.”

“இப்ப யோசிச்சாச்சுல்ல” என்றாள் செல்லி. “வாங்க, கொட்டின எடத்துக்கு ஏதாச்சும் பச்சிலை பறிச்சுக் குடுங்க. எரியுது.”