கேட்காமல் விட்ட கேள்வி

செய்முறைத் தேர்வின் முதல் அறையிலேயே நாடி கிடைக்கவில்லை.

விரல்களை அவள் சரியான இடத்தில்தான் வைத்திருந்தாள். கட்டைவிரலுக்கு நேர் கீழே, மணிக்கட்டின் ஓரத்தில், ரத்தக்குழாய் எலும்பின் மேல் படிந்து ஓடுகிற அந்தச் சின்னப் பள்ளம். அங்கே அதிகம் அழுத்தினால் குழாய் நசுங்கித் துடிப்பு மறைந்துவிடும், குறைத்தால் தட்டுப்படவே படாது. தூங்குகிற பூனைக்குட்டியின் மேல் கை வைக்கிற அளவுக்கு வைக்க வேண்டும். அப்படித்தான் வைத்தாள். கட்டிலில் உட்கார்ந்திருந்த பருத்த மனிதர் அவளைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார். அவருடைய கை குளிர்ந்துபோயிருந்தது.

"ஏசிம்மா," என்றார், அவள் கேட்காமலேயே.

மூலையில் தேர்வாளர் தலையைக் குனிந்து காத்திருந்தார். நேரம் ஓடியது. விரல்களுக்குக் கீழே ஒன்றுமில்லை.

"எழுபத்திரண்டு சார். சீரா இருக்கு."

தேர்வாளர் கையிலிருந்த டேப்லெட்டை விரலால் தட்டி மதிப்பெண் போட்டார்.

இதில் பொய் சொன்ன உறுத்தல்கூட அவளுக்கு இல்லை. கல்லூரியில் எல்லோரும் செய்வதுதான். தேர்வுக்கு நோயாளிகளாக நடிக்க வருகிறவர்கள் ஆரோக்கியமானவர்கள். பதற்றத்தில் நாடி கிடைக்காவிட்டால் எழுபத்திரண்டு என்று சொன்னால் பெரும்பாலும் பொருந்திவிடும். அவளுடைய அறைத்தோழி குருவி இதை வைத்தே விடுதியைச் சிரிக்க வைப்பாள். "பொணத்தோட கையைக் குடுத்தாலும் எழுபத்திரண்டுன்னு சொல்லிட்டுப் போயிட்டே இருங்கடி." கொத்திக் கொத்திக் கொஞ்சமாகச் சாப்பிடுவதால் அவளுக்குக் குருவி என்று பெயர். சில வாரங்களாக அந்தக் கொத்தலும் இல்லை.

மணி அடித்தது.

அந்தத் தேர்வு ஒரு ராட்டினம் மாதிரி. நீண்ட நடைக்கூடம், இரண்டு பக்கமும் பச்சைத் திரை போட்ட அறைகள், ஒவ்வொன்றிலும் ஒரு நோயாளி, ஒரு தேர்வாளர், ஒரு மாணவர். மணி அடித்தால் அத்தனை மாணவர்களும் ஒரே சமயத்தில் வெளியே வந்து அடுத்த திரைக்குள் போவார்கள். போன அறையில் என்ன ஆகியிருந்தாலும் வாசலிலேயே உதறிவிட வேண்டும். திரும்பிப் பார்க்கிறவர்கள்தான் தோற்கிறார்கள் என்று சொல்லிச் சொல்லித்தான் அவர்களைத் தயார் செய்திருந்தார்கள்.

இரண்டாவது அறையில் ஒரு முதியவர். முதுகில் ஸ்டெதாஸ்கோப்பை வைத்துப் பேசச் சொல்ல வேண்டும். நுரையீரலில் காற்று இருந்தால் குரல் மங்கலாக, சுவருக்கு அந்தப்புறம் யாரோ பேசுவதுபோலக் கேட்கும். சளி கட்டியிருந்தால் காதோரம் பேசுவதுபோலத் தெளிவாகக் கேட்கும். கிருமிநாசினி வாடையும், அதற்கு அடியில் தலைக்கு வைக்கிற எண்ணெயின் மெல்லிய வாடையும் அவரிடமிருந்து வந்தன.

"ஒண்ணு, ரெண்டு, மூணு சொல்லுங்க தாத்தா."

அவருடைய தாடை அசைந்தது. ஒன்று, இரண்டு, மூன்று. ஆனால் குழாய் வழியாகக் காதுக்கு வந்தது ஒரு பெண்ணின் குரல், மிக அருகில், மிகத் தெளிவாக.

நீ போடி. நான் பின்னாடி வரேன்.

அவள் ஸ்டெதாஸ்கோப்பைப் பிடுங்கி எடுத்தாள். முதியவர் இன்னும் எண்ணிக்கொண்டிருந்தார். "என்ன பாப்பா, பயமா இருக்கா? நானும் ஸ்கூல்ல அப்படித்தான்," என்று கண்ணடித்தார்.

மணி.

அடுத்தது ஓய்வு அறை. ஒரு நாற்காலி, ஒரு தண்ணீர்ப் புட்டி. அங்கே உட்கார்ந்ததும்தான் அந்தக் குரல் யாருடையது என்று உறைத்தது. காலையில் குருவி சொன்ன அதே வார்த்தைகள்.

காலையில் இருவரும் கண்ணாடி முன்னால் நின்று கடைசி முறையாகப் பயிற்சி செய்தார்கள். மனநல அறைக்கான பயிற்சி. குருவி நோயாளி, இவள் டாக்டர். சீப்பை வாயில் கவ்விக்கொண்டு கேள்விகளைக் கேட்டாள்.

"தூக்கம் எப்படி இருக்குங்க?"

"படுத்திருக்கேன். தூங்கறேனான்னு தெரியல."

"முன்னாடி பிடிச்சதெல்லாம் இப்பவும் பிடிக்குதா?"

"அம்மா போன் பண்ணா எடுக்கப் பிடிக்கல. அவங்க குரல் கேட்டா, நான் ரொம்ப தூரம் போயிட்ட மாதிரி இருக்கு."

"சூப்பர்டி! எங்கடி கத்துக்கிட்ட இந்த நடிப்பை?"

குருவி சிரிக்கவில்லை. "கடைசிக் கேள்வி இருக்கே. அதைக் கேளு."

சாகணும்னு தோணுதா என்கிற கேள்வி. அதைச் சுற்றிவளைக்காமல் நேராகக் கேட்க வேண்டும். கேட்டால் இல்லாத எண்ணம் வந்துவிடும் என்று மற்றவர்கள் பயப்படுவார்கள். அப்படி வராது, அடைத்துக்கிடக்கிற கதவு அந்தக் கேள்வியால்தான் திறக்கும் என்று இவர்களுக்குப் பாடமே இருந்தது. பாடத்தைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வாள்.

"அது எனக்கு மனப்பாடம்டி. அங்க போய்க் கேட்டுக்கறேன். லேட்டாச்சு."

"ஒரு தடவை சும்மா கேட்டுப் பாரேன், முதல்பெஞ்சு."

"லேட்டாச்சுங்கறேன்ல!"

"சரி. நீ போடி. நான் பின்னாடி வரேன்."

தூக்கமின்மை, பசியின்மை, எதிலும் ஆசையின்மை. புத்தகத்தில் இருந்த அறிகுறிகள் அத்தனையும் தேர்வுக் காலத்தில் விடுதி முழுக்க எல்லோரிடமும் இருந்தன. அதனால் யாரும் யாரையும் பார்க்கவில்லை. மழைக்காலத்தில் ஒருத்தி நனைந்திருப்பதை யார் கவனிப்பார்கள்?

ஓய்வு அறையின் கோடியில் வெளியே போகிற கதவு. அங்கே உதவியாளர் நின்றிருந்தார். குருவியின் முறை அடுத்த பேட்சில்தான்.

"அண்ணா, அடுத்த பேட்ச் எல்லாரும் வந்துட்டாங்களா?"

"வந்தாச்சும்மா. ஒரு பொண்ணு மட்டும் இன்னும் காணோம்."

"யாருண்ணா?"

"பேரெல்லாம் எனக்கெங்க தெரியும்? ஒல்லியா இருக்கும், எப்பவும் ஜோக்கடிச்சுக்கிட்டே போகும், அந்தப் பாப்பா."

அவள் எழுந்தாள். விடுதி ஓடினால் எட்டிவிடுகிற தூரம்தான்.

"எங்கம்மா? இப்ப வெளிய போனா மறுபடி உள்ள விடமாட்டாங்க. வருஷம் போயிடும்."

"ஒரு போன் மட்டும் பண்ணட்டுமா?"

"போனெல்லாம் ஆபீஸ்ல பூட்டியிருக்கு. உட்காரும்மா, தண்ணி குடி. லேட்டா வரும் அந்தப் பொண்ணு."

குருவி எப்போதும் தாமதம்தான். ஆமாம். தலை வாரவே அரைநாள் ஆகும் அவளுக்கு. இன்னும் சில அறைகள்தான். முடித்துவிட்டு ஒரே ஓட்டமாக ஓடலாம். கதவின் கைப்பிடி அவள் உள்ளங்கையில் இருந்தது.

மணி அடித்தது.

கால்கள் பழகிய பக்கம் நடந்தன.

மனநல அறையின் பச்சைத் திரை. அதற்குப் பின்னால் தலை எண்ணெயின் வாடை, இப்போது நன்றாக, தலையணை உறையில் முகம் புதைத்தால் வருகிற மாதிரி. திரையை விலக்கினாள்.

கட்டிலில் குருவி.

பாதி வாரிய தலை. வெறுங்கால். உதடுகளில் நிறமில்லை. மூலையில் தேர்வாளர் தலையைக் குனிந்திருந்தார். நிமிரவில்லை.

"வந்துட்டியா?" என்றாள் இவள்.

"கேளுடி," என்றாள் குருவி.

"வா. எழுந்திரு. ரூமுக்குப் போகலாம்."

"கேளு."

அவள் கேட்டாள். தூக்கம். பசி. அம்மாவின் குரல். காலையில் வந்த அதே பதில்கள், ஒரு சொல் மாறாமல். ஒவ்வொரு பதிலுக்கும் மூலையில் விரல் தட்டுகிற சத்தம். ஒரு மதிப்பெண். இன்னொன்று.

"குருவி." கட்டிலருகே குனிந்தாள். "உனக்குச் சாகணும்னு தோணுதா?"

குருவியின் முகம் மலர்ந்தது. எத்தனையோ நாளாக யாருக்கோ காத்திருந்தவளின் முகம்.

"ஆமாடி," என்றாள். "தோணுச்சு."

மணி அடித்தது.

அவள் நகரவில்லை. குருவியின் கையைப் பற்றினாள். பற்றியது விரிப்பைத்தான். அழைத்தாள். கத்தினாள். மணி நிற்கவில்லை.

நடைக்கூடத்தில் திரைகள் விலகின. எல்லாம். ஒரே சமயத்தில்.

எதிர் அறைக் கட்டிலில் குருவி. அதற்கடுத்த அறையில் குருவி. கண்ணுக்கு எட்டிய தூரம்வரை, ஒவ்வொரு கட்டிலிலும், பாதி வாரிய தலையோடு, வெறுங்காலோடு. அவர்கள் முன்னால் வெள்ளைக் கோட்டில் அவளுடைய வகுப்புத் தோழர்கள்.

"ஆமா," என்றாள் குருவி, எல்லாக் கட்டில்களிலிருந்தும்.

தோழர்கள் தலையசைத்தார்கள். எழுந்தார்கள். விடைபெறும்போது நன்றி சொன்னால் அதற்கும் ஒரு மதிப்பெண் உண்டு.

"நன்றிங்க," என்றார்கள்.

திரைகளை இழுத்து மூடினார்கள். ஒன்றன்பின் ஒன்றாக. வளையங்கள் கம்பியில் உரசும் சத்தம் அவளை நோக்கி நெருங்கி வந்தது.

கடைசியாக அவள் முன்னால் இருந்த திரை மட்டும் திறந்திருந்தது. குருவி அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள், அதே மலர்ந்த முகத்தோடு.

இவள் வாய் திறந்தது.

"நன்றிங்க."

இவளுடைய கை திரையை எட்டிப் பிடித்தது.