என் தாத்தாவின் நிப் எங்கே?

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும் என்று அம்மா சொல்வார். வராதா பின்னே? நடந்ததைக் கேளுங்கள்.

நான் இசைப்பிரியா. ஆறாம் வகுப்பு. எங்கள் குவார்ட்டர்ஸில் இடது கையால் எழுதியது தாத்தாவும் நானும்தான். நிலக்கரி மைன்ஸில் வேலை பார்த்தபோது ஷிஃப்ட் ரிப்போர்ட் எழுதிய மைப் பேனாவைத் தாத்தா எனக்கென்றே விட்டுப் போனார். வேறு எந்தப் பேனாவும் என் கைக்கு அப்படி வழுக்கிக்கொண்டு ஓடாது.

அதில் மை கசிய ஆரம்பித்தது. அம்மாவோடு மந்தாரக்குப்பம் கடைத்தெருவுக்குப் போனேன். பேனா ரிப்பேர் செய்யும் அறிவுச்செல்வன் அங்கிள் அப்போதுதான் கடையைத் திறந்திருந்தார். பேனாவை நீட்டினேன். அவர் வாங்கவே இல்லை.

"மொதப் போணி பாப்பா. சோத்துக் கையால குடு!"

அம்மா முழங்கையால் என்னை இடித்தார். பல்லைக் கடித்துக்கொண்டு வலது கைக்கு மாற்றிக் கொடுத்தேன்.

காய்கறி வாங்கிக்கொண்டு கடைக்குத் திரும்பினோம். பேனா பளபளவென்று இருந்தது. மை கசியவில்லை. எழுதிப் பார்த்தேன். கீச் கீச்! தாளைப் பிறாண்டியது. உற்றுப் பார்த்தால், நிப் புத்தம் புதுசு!

"அங்கிள், என் தாத்தாவோட நிப் எங்க?"

"அதுவா? ஒரு பக்கமா தேஞ்சு கெடந்துச்சு. எழுதிப் பார்த்தேன், தாளைக் கிழிச்சிக்கினு போவுது. அதான் நல்லதா மாத்திட்டேன். நிப்புக்குக் காசு வேணாம் பாப்பா."

"யாரைக் கேட்டு மாத்துனீங்க?"

"இசை! அதான் புதுசு போட்டிருக்காருல்ல?" என்றார் அம்மா.

"நீ சும்மா இரும்மா! எனக்கு அந்த நிப்தான் வேணும்."

அங்கிள் ஒரு பிஸ்கட் டப்பாவைத் திறந்து காட்டினார். உள்ளே குவியலாகப் பழைய நிப்புகள். "கழட்டுனதெல்லாம் இதுலதான் போடுவேன். உன்னுது எதுன்னு எப்படிக் கண்டுபுடிக்கிறது?"

அழுகை வந்தது. அழுதால் அவ்வளவுதான், சமாதானம் சொல்லி வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள்! விழுங்கிக்கொண்டேன்.

"எந்தக் கையால எழுதிப் பார்த்தீங்க?"

"இதென்ன கேள்வி? சோத்துக் கையாலதான்!"

"தாத்தா எழுதுனது இடது கையால. நானும் அப்படித்தான். உங்க கைக்கு எழுதலன்னா நிப் கெட்டுப்போச்சா?"

அங்கிள் டப்பாவை என் பக்கம் நகர்த்தினார்.

தேய்ந்த நிப்புகளை மட்டும் பொறுக்கினேன். அவர் ஒவ்வொன்றாகப் பேனாவில் செருகித் தர, மையில் தோய்த்து இடது கையால் எழுதினேன். ஒன்று பிறாண்டியது. ஒன்று மையைக் கொட்டியது. அடுத்தது... ஆகா! சத்தமே இல்லாமல் ஓடியது.

"குடு பார்ப்போம்," என்று வாங்கி அவர் எழுதினார். கீச்! என்னிடம் தந்தார். மறுபடியும் வழுக்கிக்கொண்டு ஓடியது.

"அட, ஆமா! அவசரப்பட்டுட்டேன் பாப்பா."

"ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல அங்கிள்?"

"கேட்டிருக்கணும்தான்," என்று தலையைச் சொறிந்தார்.

நிப்பை இறுக்கமாகப் பொருத்தி, துணியால் துடைத்து, பேனாவை நீட்டினார். கோபம் வேறு, மரியாதை வேறு இல்லையா? வலது கையை நீட்டினேன்.

அவர் கொடுக்கவில்லை.

"எழுதுற கையை நீட்டு பாப்பா," என்றார்.

இடது கையால் வாங்கிக்கொண்டேன். இந்த முறை அம்மா என்னை இடிக்கவில்லை.